நாப்பத்தொண்ணாவது டம்ளர்

ம், அப்படின்னாங்க எஸ்தர் மேடம், நான் மொத டம்ளரத் தூக்கினேன், தாளக் கவுத்தேன், டம்ளர வச்சேன், டங், அந்தக் கோடியில தவசிலிங்கமும் வச்சான், டங், ரெண்டு டங்குக்கும் நடுவுல ஒரு மயிரிழை, அவன் எப்பவும் ஒரு மயிரிழை லேட்டு, பாவம், அவனுக்கு டைமிங் கெடையாது. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால், காலைல பதினோரு மணி, முகூர்த்தம் இல்லாத மாசம்னு சர்வே வேலைக்குச் சல்லிசா வாடகைக்கு விட்டுட்டாங்க, போன வாரத்துச் சாம்பார் இன்னும் சொவத்துல இருந்து பெருங்காயமா வருது. நீள டேபிளுக, மேல வெள்ளைப் பேப்பர் ரோல், எல போடற எடத்துல எலைக்குப் பதிலா ஒரு தாள், ஃபேன் காத்துக்குப் பறக்காம இருக்க ஒவ்வொரு தாள் மேலயும் மண்டபத்து எவர்சில்வர் டம்ளர். எண்பத்தொண்ணு. எங்க தாலுகாவுல குலுக்கல்ல விழுந்த எண்பத்தொரு வீடு, பந்திக்கு ஒக்காந்த மாதிரி. மாச வருமானம் ஆகக் கொறஞ்ச வீடு என் பக்கம், ஆக ஒசந்த வீடு தவசி பக்கம், நடுவுல மத்ததெல்லாம் வரிசையா. மேடம் ஒரு ம் சொன்னா இங்க ஒண்ணு அங்க ஒண்ணு கவுக்கணும். நாப்பது ம். கடைசில கவுக்காம நிக்கிற ஒத்தத் தாள்தான் நடு வீடு. பாதி தாலுகா அதுக்குக் கீழ, பாதி தாலுகா அதுக்கு மேல, அதுல இருக்கற தொகைதான் எங்க தாலுகாக் குடும்பத்தோட வருமானம்னு மேலிடத்துக்குப் போகும். சராசரியெல்லாம் ஏமாத்து வேலைப்பா, ஒரு குவாரி மொதலாளி உள்ள வந்து ஒக்காந்தா பந்தியில இருக்கற எல்லாரும் லட்சாதிபதி ஆயிருவாங்க, நடு வீடு அப்படி ஆடாதுன்னுவாங்க மேடம். கம்ப்யூட்டர் ஒரு தட்டுல சொல்லிரும். ஆனா மேடத்துக்கு இது முப்பத்தொரு வருசத்துப் பழக்கம், கண்ணால பாக்காம கையெழுத்துப் போட மாட்டாங்க. போடறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் உண்டு. நடுவுல நிக்கிற வீட்டுக்குப் போன் போடுவாங்க. ஸ்பீக்கர்ல, எல்லாரும் கேக்க, தாள்ல இருக்கறத ஒவ்வொண்ணா வாசிச்சு சரியான்னு கேப்பாங்க. எண்பத்தொண்ணுல ஒரு தாள் நான் டீக்கடையில ஒக்காந்து எழுதினது. அதுல இருக்கற போன் நம்பர் என் பொண்டாட்டியோடது.

ம். டங். டங். ரெண்டாவது வீடு பொன்னுத்தாய், தனி ஆளு, ரெண்டு ஆடு. என்னத்த எழுதப் போற, ஆடு எனக்குச் சம்பளமா குடுக்குது, வேணும்னா அதுகிட்டயே கேளு. ஒதடு அசையாம தொண்டைக்குள்ளயே பேசிப் பாக்கறேன், அப்படியே இருக்கு, கடைசி வார்த்தைய வெத்தல துப்பற மாதிரித் துப்பணும். ஒவ்வொரு தாளும் எனக்கு ஒரு தொண்ட. தாளப் பாத்தா எழுத்து தெரியாது, ஆளுதான் தெரியும். ம். டங். மூணாவது வீட்டுக்காரருக்குப் பேசறதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு, நாலாவது வீட்டம்மாவுக்கு எல்லாமே கேள்வி, வருமானம்னா கையில வாரதா, வந்துட்டுப் போறதா? நாப்பத்தொம்பது வயசுல இதான் நான் கண்டது, கீழ இருக்கறவன் வருமானத்தத் தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லுவான், மேல இருக்கறவன் காதுகிட்ட வந்து சொல்லுவான், நடுவுல இருக்கறவன் பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டுச் சொல்லுவான். ம். டங். வலது கால் மரத்துப் போச்சு, நின்னுக்கிட்டே எப்படி மரத்துச்சுன்னு தெரியல, செருப்புக்குள்ள வேற யாரோட காலோ இருக்கற மாதிரி இருக்கு. நாக்கும் அப்படித்தான், காலைல டீ சுட்டுருச்சு, சுடுதுன்னு தெரியவே ரெண்டு வாய் ஆச்சு. இப்பல்லாம் எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தான் வருது, தவசியோட டங்கு மாதிரி. ம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற குருவம்மா. டங். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற இன்னொரு குருவம்மா, இது தெத்துப்பல்லு, ச வராது, ஷ தான், ஷம்பளம். டங். அண்ணே என்னமோ முணுமுணுக்குறாருன்னு அந்தக் கோடியில இருந்து தவசி. செபம் பண்றாரு, விடுப்பான்னு மேடம். நான் அவங்க குரல்லயே, செபம் பண்றாரு, விடுப்பா அப்படின்னேன், கடைசி பா-வுல மூக்கு சேத்து. தவசி விழுந்து விழுந்து சிரிச்சான். மேடம் சிரிக்கல, ஆனா கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டாங்க, அவங்களுக்கு அதுதான் சிரிப்பு. எனக்கு ஒண்ணும் வரல. செரியான எடத்துல விழுந்துச்சு, அவ்வளவுதான்.

ம். பதினொண்ணு. ம். பன்னெண்டு. அந்தத் தாளு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாது, நேத்து வரிசை அடுக்கினது மேடமும் தவசியும், நான் பக்கத்து ஊர்ல பாக்கி வீடு முடிக்கப் போயிட்டேன். ஆனா பாத்தாத் தெரிஞ்சுரும், டீ கிளாஸ் வச்ச வட்டம் இருக்கும் அதுல, வலது மூலையில, பழுப்பா. மூணு தடவ போனேன் அந்த வீட்டுக்கு. பச்சைக் கதவு, திண்டுக்கல் பூட்டு, வாசல்ல கோலம் அழிஞ்ச தடம் கூட இல்ல. மொத தடவ பக்கத்து வீட்டம்மா, அவுக திருப்பூர் போயிட்டாக. ரெண்டாம் தடவ, அதான் சொன்னேன்ல திருப்பூர் போயிட்டாகன்னு. மூணாம் தடவ, ஒமக்கு வேற வேலையே இல்லையா, இந்தா மோர் குடிங்க. மூணு தடவ பூட்டியிருந்தா எழுதிக் குடுக்கணும், மேடம் பட்டியல்ல அடுத்த வீடு குடுப்பாங்க, ரொம்ப லேசான விசயம், ஒரு வரி எழுதினாப் போதும். நான் எழுதிக் குடுக்கல. ஏன்னு இன்னைக்கும் யோசிச்சுப் பாக்கறேன், ஒரு காரணமும் கெடைக்கல, பஸ் வர இருவது நிமிசம் இருந்துச்சு, டீக்கடை பெஞ்சுல நெழல் இருந்துச்சு, பையில காலித் தாள் இருந்துச்சு. எனக்குக் குரல் இல்லாம எழுத வராது. யாராவது ஒருத்தர் உள்ள ஒக்காந்து பதில் சொல்லணும். குடும்பத் தலைவர் பேரு? அப்படின்னு நானே கேட்டேன், தொண்டைக்குள்ள இருந்து ரெண்டு செருமல் வந்துச்சு, கொஞ்சம் நிறுத்தி, ராமசுப்பு, அப்படின்னுச்சு. என் மாமனாரு. செத்து ரெண்டு வருசம். வடை போட்டுக்கிட்டு இருந்தவரு திரும்பிப் பாத்தாரு, பெஞ்சுல வயசானவரு யாரு வந்து ஒக்காந்ததுன்னு.

ம். டங். ஒரே அடுப்புல பொங்கி ஒண்ணாச் சாப்பிடறவங்கதான் ஒரு குடும்பம், அதான் சர்வேக்கு எலக்கணம், ரத்தம் கெடையாது, ரேசன் கார்டு கெடையாது, ஒரே கூரை கூடக் கெடையாது, அடுப்பு. வீட்டுக்குள்ள போனதும் மொதக் கேள்வியே அதுதான், எத்தன அடுப்பு எரியுது. சில வீட்டுல அண்ணனும் தம்பியும் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க, சில வீட்டுல மாமியா டக்குனு ஒண்ணுன்னும், மருமக பேசாம நிக்கும், அப்ப ரெண்டுன்னு எழுதிக்கணும். நாங்க இருக்கறது மாமா வீடு, நான் வீட்டோட மாப்பிள்ள, இருவத்திரெண்டு வருசம் ஒரே அடுப்பு. டீக்கடையில மாமா குரல் சொல்லச் சொல்ல எழுதினேன். தலைவர், வயசு எழுவத்தாறு, முதியோர் பென்சன் ஆயிரத்து எரநூறு. மக, நாப்பத்திநாலு, தையல், நாலாயிரத்து அறுநூறு. மருமகன், ஒப்பந்த வேல, பதினோராயிரத்து ஐநூறு, இன்னும் நெரந்தரமாகல, ஆகவும் ஆகாது, வாயி மட்டும் நெரந்தரம், அப்படின்னாரு மாமா, அத எழுதல. மொத்தம் பதினேழாயிரத்து முந்நூறு. அடுப்பு ஒண்ணு. தலைவர் பேரு மட்டும்தான் தாள்ல, மத்தவங்களுக்கு ஒறவும் வயசும் போதும், அதனால என் பேரு வரல. போன் நம்பர்னு ஒரு கட்டம் இருந்துச்சு. இந்தக் காலத்துல எவனுக்கு எந்த நம்பர் மனப்பாடமா இருக்கு. கைக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிருந்துச்சு, அது எழுதிருச்சு. பஸ் வந்துருச்சு.

ம். இருவத்தாறு. லாரி கிளீனர் தங்கவேலு வீடு, மூணு பொம்பளப் பிள்ளைக, வாசல்ல வெளயாடிக்கிட்டே, எங்கப்பா பெரிய ஆளு, எங்கப்பா பெரிய ஆளு. டங். ம். சத்துணவு ஆயா, எழுதறதுக்கு முன்னாடி கையக் கழுவிட்டு வந்து ஒக்காந்தாங்க. டங். மிமிக்ரின்னா ஜனங்க குரல்னு நெனைக்கிறாங்க. குரல் பாதிதான். மீதி எடவெளி. அந்த ஆளு பேசறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சும்மா இருப்பாரு, அதப் புடிச்சுட்டா குரல் தானா வரும். மாமாவுக்கு ரெண்டு செருமல், அப்புறம் ஒன்ற மாத்திரை எடவெளி. அவரு சாப்பிட ஒக்காந்தா வாசக் கதவு அடைச்சிருக்கணும், நாய் உள்ள வந்துரும்னு பயம், அந்தத் தெருவுல நாயே கெடையாது, இருந்தாலும் தெனமும் மொதச் சோத்த எடுக்கறதுக்கு முன்னாடி, மாரீ, கதவ அடைச்சியா? அடைச்சாச்சுப்பா. அப்புறம்தான் கை சோத்துக்குப் போகும். என் வீட்டுக்காரி பேரு மாரீஸ்வரி. மாமாவோட பதினாறாம் நாள் விசேசத்தன்னைக்கு மத்தியானம், இதே மாதிரி பந்தி, வீட்டுக்குள்ளயே எல போட்டு, ஒரு முப்பது பேரு. மாப்ள, மாமா மாதிரி ஒருக்காப் பேசுங்க, கேட்டுப் பதினாறு நாளாச்சுன்னாரு சின்ன மாமனாரு. வேணாம்னேன். வேணாம்னு சொன்னேனா? சொன்ன மாதிரி இருக்கு. ரெண்டாவது பந்தி, ரசத்துக்குச் சத்தம் கொறஞ்ச நேரம், மாரீஸ்வரி தூக்குச் சட்டியோட வரிசையில குனிஞ்சு குனிஞ்சு வந்துக்கிட்டு இருந்தா, எங்கிட்ட இருந்து நாலு எல தள்ளி, முதுகு காட்டி. எனக்கு அந்த எடம் தெரிஞ்சுச்சு. பாக்குறவனுக்குக் கொய்யாப்பழம் எந்தக் கெளையில கனிஞ்சிருக்குன்னு தெரியற மாதிரி தெரிஞ்சுச்சு. ரெண்டு செருமல். ஒன்ற மாத்திரை. மாரீ, கதவ அடைச்சியா?

இந்தா அடைக்கிறேன்ப்பான்னு சட்டிய வச்சுட்டு அவ வாசலுக்குப் போயிட்டா. போயே போயிட்டா. முப்பது பேரும் சிரிச்சாங்க, சின்ன மாமனாருக்குப் பொரையேறிருச்சு, ஒரு கெழவி அழுதுக்கிட்டே சிரிச்சுது. அவ கதவ அடைச்சா. அடைச்சுட்டுக் கதவப் புடிச்சுக்கிட்டே நின்னா, முதுகு காட்டி, சிரிப்பு அடங்கற வரைக்கும், அடங்கின அப்புறமும். எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. செரியா விழுந்துச்சுன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணல. ம். டங். மறுநாள் காலைல மாடி ரூம்ல ஒத்த பர்னர் அடுப்பும் சின்ன சிலிண்டரும் இருந்துச்சு, பக்கத்துல ஒரு கிலோ அரிசி, உப்பு, புளி, அளவாப் பொட்டலம் போட்டு. சண்ட இல்ல. ஒரு வார்த்த இல்ல. கரண்ட் பில்லு பாதிப் பாதி. மோட்டார் போட்டாச்சு, அப்படின்னு கீழ இருந்து குரல் வரும், வாளிய வைக்கிறேன்னு நான், அதுதான் பேச்சு. அவ குரல மட்டும் நான் எடுத்ததே இல்ல. எடுத்துப் பாத்தேன் ஒருநாள், மாடியில, தனியா. வரல. அவ எடவெளி எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. இருவத்திரெண்டு வருசம் நான் அந்த எடவெளியில பேசிக்கிட்டே இருந்திருக்கேன்.

ம். முப்பத்தஞ்சு. அப்பத்தான் பாத்தேன், ஆறு டம்ளர் தள்ளி, வலது மூலை, பழுப்பு வட்டம். ஆறு. முப்பத்தஞ்சும் ஆறும் நாப்பத்தொண்ணு. இன்னொருக்கா எண்ணினேன். நாப்பத்தொண்ணு. இந்தத் தாலுகாவுல இல்லாத ஒரு வீடு, செத்த மனுசன் சோறு திங்கற வீடு, செரியா நடுவுல வந்து ஒக்காந்திருக்கு. டைமிங்னா இது. பயம் வரணும். வந்துக்கிட்டு இருக்கும், எங்கயாவது பஸ்ஸ்டாண்டுல எறங்கியிருக்கும், கால் மரத்தது மட்டும்தான் இப்போதைக்கு. ரெண்டு தாளச் சேத்துக் கவுத்துரலாமா? ஒரு டங்குல ரெண்டு தாள், என் கைக்கு அது ஒரு வித்தையே இல்ல. ஆனா அப்படிப் பண்ணினா கடைசில ஒண்ணும் மிஞ்சாது, மேடம் மொதல்ல இருந்து வாங்கம்பாங்க, பொன்னுத்தாயில இருந்து திரும்ப வரணும், ஆடுகிட்டயே கேளு. ம். டங். மேடம் போன் போடுவாங்க, மாரீஸ்வரி எடுப்பா. தப்பான நம்பர்னு வச்சுட்டா, நம்பர எழுதினது நீதானப்பான்னு என்னக் கேப்பாங்க. ம். முப்பத்தேழு. எங்கப்பா பேர எதுக்குக் கேக்கறீங்கன்னு கேட்டா? ம். முப்பத்தெட்டு. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும், இது போனா பதினோராயிரத்து ஐநூறு போச்சு, மாடி அடுப்பு மட்டும் பந்தியோட ஆரம்பத்துக்குப் போயிரும், பொன்னுத்தாய்க்கும் முன்னாடி. அது எனக்குப் பெருசாப் படல. மேடம் வாசிக்க அவ அந்த மூணு பேரையும் வரிசையாக் காதால கேக்கப் போறா, தலைவர், மக, மருமகன், அடுப்பு ஒண்ணு. அதுதான். அவ என்ன சொல்லப் போறான்னு இல்ல, சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சும்மா இருப்பா, அதுதான். ம். முப்பத்தொம்பது. ம். நாப்பது, டெய்லர் அய்யாச்சாமி, பதினேழாயிரத்து நூறு, டங். எதுக்க தவசி, பதினேழாயிரத்து அறுநூறு, டங். நானும் அவனும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னோம். நடுவுல ஒரு டம்ளர்.

ராமசுப்புன்னு வாசிச்சாங்க மேடம். பதினேழாயிரத்து முந்நூறு. நல்ல நடுவான வீடுப்பா. செல்போன டேபிள்மேல வச்சு நம்பர அமுக்கினாங்க, ஒவ்வொரு எண்ணா, சத்தமா. நாலு ரிங்கு. தையல் மிசின் நிக்கிற சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லுங்க, அப்படின்னா.

"வணக்கம்மா, வீட்டு வருமான சர்வேல இருந்து பேசறோம். ராமசுப்பு வீடுங்களா?"

ஒண்ணு. ரெண்டு. "ஆமா."

"நீங்க அவரு மகதான? வீட்டுல நீங்க, அப்பா, ஒங்க வீட்டுக்காரர், மூணு பேரு. மாசம் பதினேழாயிரத்து முந்நூறு. எல்லாருக்கும் ஒரே அடுப்பு. எழுதியிருக்கறது செரிதானம்மா?"

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ஃபேன் ஒரு சுத்துக்கு ஒருக்கா கிரீச்சுங்குது. அஞ்சு. எந்த மேடையிலயும் இவ்வளவு நேரம் எவனும் சும்மா நின்னதில்ல. ஆறு. தவசி என்னப் பாத்து ஒதட்டப் பிதுக்கினான், லைன் போயிருச்சான்னு. ஏழு.

"அப்பா தவறி ரெண்டு வருசம் ஆச்சு மேடம். அடுப்பு ரெண்டு. கீழ ஒண்ணு, மாடியில ஒண்ணு."

மேடம் கண்ணாடிக்கு மேல என்னப் பாத்தாங்க. "அப்படியாம்மா. எங்காளு ஏதோ தப்பா எழுதிட்டாரு போல, மன்னிச்சுக்கங்க, திருத்திக்கறோம்."

"தப்பில்ல. முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு." மறுபடியும் எடவெளி, இந்தத் தடவ சின்னது. "எழுதினவரு அங்க இருக்காரா?"

"இருக்காரும்மா. பேசறீங்களா?"

"வேணாம். கதவ அடைச்சாச்சுன்னு மட்டும் சொல்லிருங்க." மிசின் ஓடற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் போன் அணைஞ்சுச்சு.

என்ன கதவுப்பா, அப்படின்னாங்க மேடம். எனக்கு நூறு பதில் வரும் இப்படிப்பட்ட எடத்துல, ஆளுக்கொரு குரல்ல, தவசி ஏற்கனவே சிரிக்கத் தயாரா வாயத் தொறந்து வச்சிருந்தான். ஒரு குரலும் வரல. தொண்டையில தேடினேன், பொன்னுத்தாய் இல்ல, ரெண்டு குருவம்மாவும் இல்ல, மாமா இல்ல. "பூட்டின வீடு மேடம் அது," அப்படின்னு யாரோ சொன்னாங்க, மொக்கையா, ஏத்த எறக்கம் இல்லாம, டைமிங்கே இல்லாம. நான்தான். "மூணு தடவ போனேன். பூட்டியிருந்துச்சு. டீக்கடையில ஒக்காந்து எழுதினேன். இப்பப் பேசினது என் வீட்டுக்காரி." தவசி வாய மூடல, மறந்துட்டான். மேடம் அந்தப் பழுப்பு வட்டத்த வெரலால தொட்டுப் பாத்தாங்க. "மூணு தடவ போனத ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா அடுத்த வீடு குடுத்திருப்பேனேப்பா." "ஆமா மேடம்." "முப்பத்தொரு வருசத்துல எவ்வளவோ பாத்திருக்கேன். சொந்த வீட்டக் கொண்டாந்து வச்சவன் எவனும் இல்ல." டம்ளரத் தூக்கித் தாள உருவினாங்க, குறுக்க ஒரு கோடு, டம்ளர அது இருந்த எடத்துலயே வச்சாங்க, வெறும் பேப்பர் ரோல் மேல. "ஒங்க மத்தத் தாளெல்லாம் நாளைக்கு நானே போன் போட்டுப் பாத்துக்கறேன். நீங்க வர வேணாம், ஜெயக்கொடி." நீங்கன்னாங்க. இதுவரைக்கும் நீதான். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி பேனாவத் தட்டினாங்க, எண்பது, இந்தப் பக்கம் கடைசி பதினேழாயிரத்து நூறு, அந்தப் பக்கம் பதினேழாயிரத்து அறுநூறு, ரெண்டையும் கூட்டிப் பாதி, பதினேழாயிரத்து முந்நூத்தம்பது. எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. தவசி மெதுவா, "அப்ப இந்தத் தொகைக்கு எது மேடம் வீடு?" அப்படின்னான். "வீடெல்லாம் இல்லப்பா. நடு மட்டும்தான்." அவங்க ஃபைலக் கட்டிக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க, தவசி அந்தக் கோடியில இருந்து டம்ளரெல்லாம் அடுக்க ஆரம்பிச்சுட்டான், வலது கால்ல எறும்பு ஊர்ற மாதிரி உசுரு திரும்ப வருது, அது வலிக்குது, பரவால்ல. எனக்கு முன்னாடி அந்த ஒத்த டம்ளர், கீழ தாள் இல்ல, எல இல்ல. அதையும் எடுத்து வச்சுட்டுக் கெளம்பணும், வீட்டுக்குப் போனா வாசக் கதவு அடைச்சிருக்கும், மொத மொதலாத் தட்டணும். கை டம்ளர் வரைக்கும் போயி அங்கயே நிக்குது. யாராவது ம் சொன்னாத்தான எடுக்க முடியும்.